பத்து நிமிடக் கணக்கு

அம்பத்தூர் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். தொடக்க வகுப்பில் ஓர் ஆசிரியருக்குக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த எண்ணிக்கை அது. காலை வழிபாடு, இடைவேளை, சத்துணவு, கை கழுவுதல், மணி அடித்தும் அடங்காத சலசலப்பு எல்லாம் போகக் கற்பிக்கக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முந்நூறு நிமிடத்தை முப்பதால் வகுத்தால் தலைக்குப் பத்து நிமிடம். நாள் முழுவதற்கும், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து, ஒரு குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து ஆசிரியர் பேசக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். அதுவும், மற்ற இருபத்தொன்பது பேரும் அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தால்.

குழந்தையின் தனித்திறனையும் ஆர்வத்தையும் நடுவில் வைத்துக் கல்வியை அமைக்க வேண்டும் என்று சொல்லாத கல்விக்குழு அறிக்கையே கிடையாது. சட்டமும் சொல்லிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு குழந்தையின் அறிவு, உள்ளாற்றல், திறமை ஆகியவற்றை வளர்க்கும் பாடத்திட்டத்தைக் கேட்கிறது; செயல்பாடுகள் வழியாகக் கற்றல், அச்சமில்லாத வகுப்பறை, இயன்றவரை தாய்மொழி என்று அடுக்குகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் இது நாட்டின் சட்டம். எழுத்தில் குறை ஒன்றுமில்லை. இடிப்பது பத்து நிமிடக் கணக்குதான்.

அந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்து, அதற்கு ஒரு விடையும் கண்ட ஊர் சென்னை.

2003இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. அப்போது ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் வகுப்பு என்ற சொல்லுக்கே பொருளில்லை. பதினோரு வயதில் முதன்முதலாகச் சிலேட்டைத் தொடுகிறவனும் ஏழு வயதில் இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவளும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கும் நடத்த நினைத்தால் பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள்.

அதற்கான வழி மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் இருந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய அந்தப் பள்ளி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறு பள்ளிகளை நடத்தி வந்தது. ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே அறை. அந்தப் பள்ளிகளுக்காகக் கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ராமாவும் பாடப்புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக மாற்றினார்கள். அவர்களுக்கும் ஒரு முன்னோடி உண்டு: 1972இல் கோலார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நீல்பாக் என்ற சின்னஞ்சிறு பள்ளியைத் தொடங்கிய டேவிட் ஹார்ஸ்பரோ. வகுப்பு, பரீட்சை, ரேங்க் எதுவும் இல்லாத பள்ளி அது. பள்ளியின் அளவுக்கு ஒப்பிட முடியாத தூரம் அதன் செல்வாக்கு பரவியிருக்கிறது.

செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது சென்னைக்கு வந்தபோது வகுப்பறையின் உருவமே மாறியது. பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பகுதியில், ஆறு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை. ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல். வரைந்ததும் எழுதியதும் அன்றே அதில் தொங்கும். குழந்தை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே பதியும், அன்றைய வானிலையைக் குறிக்கும். பிறகு சுவரில் ஒட்டியிருக்கும் கற்றல் ஏணிக்குப் போகும். நேற்று எந்தப் படியில் விட்டது என்று விரல் வைத்துப் பார்க்கும். படிக்குரிய சின்னம் அங்கே இருக்கும். அதே சின்னம் போட்ட தட்டை அலமாரியில் தேடி, உள்ளேயிருந்து எண்ணைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். எந்தப் பாயில் உட்கார வேண்டும் என்பதும் அந்தச் சின்னத்திலேயே அடங்கியிருக்கும்.

நுட்பம் பாயில் இருந்தது. குழுக்கள் ஆறு. ஒன்றில் ஆசிரியரின் முழு உதவி, அடுத்ததில் ஓரளவு உதவி. இன்னும் இரண்டில் சக மாணவரின் உதவி, ஒன்றில் தானாகக் கற்றல், கடைசியில் மதிப்பீடு. புதிதாக ஒன்றைக் கற்கப்போகும் பிள்ளை ஆசிரியரின் பாய்க்கு வருவாள். கற்றதைப் பழகத் தோழியின் பாய், பழகியதைத் தனியாகச் செய்து பார்க்க வேறொரு பாய். எந்த நேரத்திலும் ஆசிரியரைச் சுற்றி இருப்பவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்களுக்குக் கையில் வேலை இருக்கிறது. பத்து நிமிடம் இப்படித்தான் நீண்டது. கூடுதல் ஆசிரியரை யாரும் அனுப்பவில்லை. இருக்கும் ஒருவரின் பொழுதைத்தான் வேறு மாதிரி பங்கிட்டார்கள்.

இதன் அருமை, பிள்ளை ஊருக்குப் போய்த் திரும்பும்போது தெரியும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்குப் புறநகர் முழுக்கப் பல மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சித்திரையில் கோயில் கொடை, ஆடியில் கூழ், இடையில் ஒரு சாவு என்று குடும்பம் கிளம்பினால் திரும்பப் பத்து நாளாகும். வழக்கமான வகுப்பில் அதற்குள் புத்தகம் இரண்டு பாடம் தாண்டியிருக்கும், விட்டது விட்டதுதான். ஏணி உள்ள வகுப்பில் பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். யாரும் அவளைப் பின்தங்கியவள் என்று கூப்பிட வேண்டியதில்லை.

13 பள்ளிகள் அடுத்த ஆண்டே மாநகராட்சியின் எல்லாத் தொடக்க வகுப்புகளுமாயின. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும் திட்டமும் அவரோடு மாநிலம் முழுவதும் போனது. 2007-08 கல்வியாண்டில் சுமார் 37,000 அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை அதுதான் முறை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் அது வந்தது இந்த வழியில்தான். மாநகராட்சி தொடங்கியபோது அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தின் தனி நகராட்சி. 2011இல்தான் சென்னையோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தானே ஒரு மாநகராட்சியானது.   

பிறகு ஏன் அந்த ஏணி இன்று சுவரில் இல்லை?

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ரிஷிவேலியில் ஆண்டுக்கணக்கில் பதப்பட்ட ஒன்றை ஓரிரு ஆண்டுகளில் பல்லாயிரம் பள்ளிகளுக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் அட்டை போய்ச் சேரும், அட்டைக்குப் பின்னால் இருந்த யோசனை போய்ச் சேராது. அட்டைகள் கிழியும், தொலையும். ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி உடைந்த மாதிரி. அந்தப் படிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அங்கே நிற்கும். 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன; ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புத்தகம் என்று ஆனது. அவரவர் வேகத்தில் ஏறும் ஏணிக்கும் பருவத்துக்குள் முடிக்க வேண்டிய புத்தகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. செயல்வழிக் கற்றலை எளிமைப்படுத்தினார்கள். எளிமைப்படுத்த எளிமைப்படுத்த அது மெலிந்தது.

பெற்றோரின் சந்தேகம் இன்னொரு பக்கம். பிள்ளை தரையில் உட்கார்ந்து விளையாடுகிறது, நோட்டில் ஒன்றுமில்லை, வீட்டுப்பாடம் இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளையோ காலை ஏழரை மணிக்கே டை கட்டிக்கொண்டு மெட்ரிக் பள்ளி வேனுக்கு நிற்கிறது. மாலையில் அதன் டைரியில் சிவப்பு மையால் ஏதோ எழுதி வருகிறது. எது படிப்பு மாதிரி தெரிகிறது? தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வகுப்பறையை மாற்றியவர்கள் அந்த மாற்றத்தை அவரிடம் உட்கார்ந்து விளக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷும் வீட்டுப்பாடமும்தான்.

இதற்கெல்லாம் அடியில் வேறொரு குறை இருந்தது. அதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை. ஏணியில் ஏறும் வேகம் குழந்தையினுடையது, ஏணி ஒன்றுதான். எல்லாரும் அதே படிகளை, அதே வரிசையில் ஏற வேண்டும். தனித்திறன், ஆர்வம் என்று பேசும்போது இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒருவர் எந்த மட்டத்தில் இருக்கிறார் என்பது ஒன்று. எதன்மேல் அவருக்கு ஈடுபாடு என்பது மற்றொன்று. முதலாவதை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியும் என்று தமிழ்நாடு காட்டியது. இரண்டாவதை இன்னும் தொடவில்லை.

முதலாவது மறுபடியும் வந்தது, வேறு பெயரில். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் வகுப்பறையை அதற்கு முன் பார்த்ததே அரிது. 2022 ஜூன் 13 அன்று, செங்குன்றம் பக்கம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும். 2025 அதற்கு வைத்த கெடு. பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். கதைக் களம், பாடல் களம், படைப்புக் களம் என்று வகுப்பறைக்கு மூலைகள் கிடைத்தன. அட்டைக்குப் பதில் பயிற்சி நூலும் ஆசிரியர் கையேடும். ஒன்று முதல் மூன்று வரை தொடங்கி அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது.

அவசரம் ஏன் என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் போதும். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வு 2022இல் சொன்னபடி, தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காடு. 2018இலேயே அது 10.2 விழுக்காடுதான். வாசிப்பை மட்டும் வைத்து ஒரு கல்வி முறையை எடைபோடலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் போய் உன் ஆர்வம் என்ன என்று கேட்பது, கதவைப் பூட்டிவிட்டு எந்த அறைக்குப் போகிறாய் என்று கேட்பது போல.

மட்டம் பார்த்துக் கற்பிப்பதற்கு ஆராய்ச்சியின் ஆதரவும் வலுவாக உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, வகுப்பை வைத்துப் பிரிக்காமல் தெரிந்ததை வைத்துப் பிள்ளைகளைக் குழுக்களாக்கியது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் தந்து நடந்த சோதனைகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் 2007இல் வெளியிட்டார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது. மாறாக, ஆசிரியர் பயிற்சிகளில் தவறாமல் தலைகாட்டும் ஒரு நம்பிக்கை உண்டு: சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள், ஆகவே வகைக்குத் தக்கபடி கற்பிக்க வேண்டும் என்று. உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லரும் மற்றவர்களும் 2008இல் அந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படி வகை பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். குழந்தையின் நெற்றியில் ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் ஆசிரியருக்கு வேலை சுலபம். முத்திரை சரியானதுதானா என்பதை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு வயது உண்டு. எழுபதைத் தாண்டியது.

1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்தார். பிள்ளைகள் ஒரு வேளை பள்ளிக்கு வந்தால் போதும். மீதி வேளையில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்கட்டும், தகப்பனுக்குக் கற்பிக்கத் தொழில் இல்லையென்றால் ஊரில் வேறொரு தொழிலாளியிடம் கற்கட்டும் என்பது திட்டம். ஆசிரியர் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை, இன்னும் அதிகம் பிள்ளைகளைச் சேர்க்கும் அவசரம் என்று அவர் பக்கத்துக் காரணங்கள் இருந்தன. ஏட்டுப் படிப்பை விடக் கைத்தொழில் மேல் என்று அவர் மனதார நம்பவும் செய்தார். ஆனால் செருப்புத் தைப்பவரின் மகன் செருப்பு, சவரத் தொழிலாளியின் மகன் கத்தி என்று அது முடியும் என்பதைக் கணக்குப் போட எவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராசர் வந்தார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. 

அன்று முதல் இந்த மண்ணில், இந்தப் பிள்ளைக்கு இயல்பாக வருவது இது என்று எவர் சொன்னாலும் கேட்பவரின் காது கூர்மையாகிவிடும். ஆகிவிடவும் வேண்டும். ஒரு பிள்ளையின் இயல்பு என்று நாம் பார்ப்பதில் பாதி, அந்தப் பிள்ளைக்கு இதுவரை எது கண்ணில் பட்டது என்பதுதான். பியானோவைப் பார்த்தே இராதவனுக்குப் பியானோவில் ஆர்வம் இருக்க வழியில்லை. பின்லாந்து எழுபதுகளில் செய்த சீர்திருத்தத்தின் உட்கருத்தும் இதுதான்: பதினொரு வயதிலேயே மேற்படிப்புக்கு ஒரு கூட்டம், தொழிலுக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துக்கொண்டிருந்ததை விட்டு, ஒன்பது ஆண்டு எல்லாருக்கும் ஒரே பள்ளி என்று மாற்றினார்கள். ஜெர்மனியின் பல மாநிலங்களில் இன்னும் நான்காம் வகுப்புக்குப் பிறகு பாதை பிரிகிறது; அதைப் பற்றிய சண்டை அங்கே ஓய்ந்தபாடில்லை.

ஆனால் குலக்கல்விக்கு அஞ்சி நாம் போய்ச் சேர்ந்த இடம் எது?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. தெற்காசியாவின் மிகப் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று என்பார்கள். பக்கத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தா டாங்கி அங்கே உருவானது. பேட்டையின் சந்துகளில் நடந்தால் ஷட்டர் பாதி இறக்கிய ஒர்க்‌ஷாப்புகளுக்குள் லேத் ஓடும் ஓசை. வெளியே நீல நிறச் சுருள் சுருளாக இரும்புத் துருவல். உள்ளே ஒருவர் வெர்னியரை ஜாபின்மேல் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, 0.02 மில்லிமீட்டர் வரை படிப்பார். கூடினால் ரிஜெக்ட், குறைந்தாலும் ரிஜெக்ட். அங்கிருந்து கூப்பிடு தூரத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அளவீடு முதல் பாடம். வெர்னியர் அளவியின் படம் உண்டு, மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்று கணக்கும் உண்டு. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள். கருவி பீரோவுக்குள் இருக்கும், ஆய்வு நாளுக்காக.

அந்தப் பிள்ளைகளை லேத்துக்கு அனுப்பு என்பதல்ல வாதம். அது 1953க்கே திரும்பிப் போகும் வழி. மருத்துவராகப் போகிறவளும் வெர்னியரைக் கையில் பிடிக்கட்டும் என்பதுதான். 1978இல் தமிழ்நாட்டுக்கு மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு மேல்நிலைக் கல்வி பற்றிய தேசிய மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய வேலூர்க்காரர் மால்கம் ஆதிசேசையா, படிப்போடு தொழில் சேர வேண்டும் என்று வலியுறுத்தி அறிக்கை தந்தார். நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதைப் பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுவாரம் எந்த மேல்நிலைப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். உச்சியில் இருப்பவர்களுக்குப் பர்ஸ்ட் குரூப், அடுத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், பிறகு காமர்ஸ், அடியில் மிஞ்சியவர்களுக்கு வொகேஷனல். பூக்களை வரையும் பையன் 460 வாங்கிவிட்டால் உயிரியல் படிப்பான். மோட்டாரைப் பிரித்துப் போடும் பெண் 260 வாங்கினால் எந்தப் பிரிவில் இடம் காலியோ அந்தப் பிரிவு. ஆர்வத்தைக் கேட்கும் ஒரு வரி அந்த விண்ணப்பத்தில் இருக்கக்கூடும். அதைப் படித்து முடிவெடுக்கும் ஆள் அங்கே இல்லை.

இந்த வயதில் தவறான கதவுக்குள் போனாலும் வெளியே வர வழி இருந்தால் சரி. ஆச்சரியமாக, அந்த வழிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சொல்லித் தருவார்தான் குறைவு. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ படித்தவர் மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை. 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். பிட்டர் படித்த பையன் பொறியாளராக முடியும். ஆனால் அந்தப் பாலங்களின் பெயர்கூடப் பல வீடுகளில் தெரியாது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ஒரு பகுதி இந்த வழிகாட்டல்தான். ஒன்பதாம் வகுப்பில் அது தொடங்குகிறது.

மேலே இன்னொரு கதவும் அண்மையில் திறந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்தி, பதினொன்றைப் பள்ளிகள் விழுங்கிவந்ததால், 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வை நிறுத்தும் அறிவிப்பும் வந்தது. நல்ல முடிவு. தேர்வு போன இடத்தில் பழைய வழக்கம் வந்து உட்காராமல் இருக்க வேண்டும்.

கீழே மட்டம் பார்த்துக் கற்பித்தல் உண்டு, மேலே பாலங்கள் உண்டு. நடுவில்தான் ஓட்டை: ஆறு, ஏழு, எட்டு. குழந்தை முதன்முதலாகத் தனக்கு எது பிடிக்கிறது என்று தானே கவனிக்கத் தொடங்கும் வயது அது. பலவற்றையும் தொட்டுப் பார்க்க, ஒன்றில் தோற்று இன்னொன்றுக்குப் போக, அதற்காக எந்த மதிப்பெண்ணும் குறையாமல் இருக்க வேண்டிய மூன்று வருடம். இங்கே 2025இல் வந்த ஒரு திட்டத்தின் பெயர் திறன். ஆறு முதல் ஒன்பது வரை, தமிழிலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் விட்டதைப் பிடிப்பதற்கான பயிற்சி. தேவையான வேலைதான். ஆனால் திறன் என்ற சொல்லே நம் பள்ளிகளில் விடுபட்ட பாடத்தைக் குறிக்க வந்துவிட்டது.

2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கப் பார்க்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். பறையும் கரகமும் பொம்மலாட்டமும் அரசுப் பள்ளி மேடைக்கு வந்ததில் மகிழாதவர் இருக்க முடியாது. இருந்தாலும் போட்டி கண்டுபிடிப்பது ஏற்கெனவே ஆடத் தெரிந்தவனை. வீட்டிலோ தெருவிலோ கற்றுக்கொண்டதை மேடையில் காட்டுகிறான். தெரியாதவனுக்குப் பழக இடம், பொழுது, சொல்லித்தர ஆள் மூன்றும் வேண்டும்.

தேர்வுத்தாளில் வராத திறமைகள் வேறு வடிவிலும் வருகின்றன. புறநகர் வகுப்பறைகளில் இப்போது ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் பிள்ளைகள் உண்டு. தொழிற்பேட்டைக்கும் கட்டட வேலைக்கும் திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கும் வந்தவர்களின் பிள்ளைகள். தமிழில் அரும்பாக நிற்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் காய்ச்சலை நர்சம்மாவுக்குத் தமிழில் சொல்லி, நர்சம்மா சொன்னதை அம்மாவுக்கு ஒடியாவில் சொல்கிறாள் ஒன்பது வயதுச் சிறுமி. மொழிபெயர்ப்பாளர் செய்யும் வேலை. பள்ளிப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்படிப்பட்டவற்றைக் கவனிக்க வேண்டிய ஆள் யார்? பாடம் நடத்துபவருக்கு அரசின் எமிஸ் செயலியில் பள்ளி விவரம் ஏற்றுவதற்கே மாலை போதவில்லை என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் புகார். மிஞ்சுவது ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, தோட்டக்கலை ஆசிரியர்கள். பிள்ளையைப் பெஞ்சுக்கு வெளியே பார்ப்பவர்கள் அவர்கள்தான். 2012இல் தமிழக அரசு ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்காக இந்தப் பாடங்களுக்கு 16,549 பேரை நியமித்தது. எல்லாரும் பகுதிநேரம். வாரத்துக்கு மூன்று அரை நாள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், படிப்படியாக 2024இல் 12,500 வரை வந்தது. மே மாதம் பள்ளி இல்லையாதலால் அந்த மாதச் சம்பளமும் தரப்படாமல் இருந்தது; அது வேண்டும் என்பது அவர்கள் ஆண்டாண்டாய்ப் போராடிய கோரிக்கைகளில் ஒன்று. நிரந்தரப்படுத்தச் சொல்லி நடத்திய உண்ணாவிரதங்களுக்குக் கணக்கில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் பீரியடும் முழுதாகக் கிடைப்பதில்லை. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே தயவுசெய்து கடன் வாங்காதீர்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

ஆக, ஆர்வத்தை மையமாக வைத்த பள்ளிக்கு முதல் செலவு எங்கே என்று கேட்டால் விடை ஒரு செயலியிலோ ஆப்டிட்யூட் டெஸ்டிலோ இல்லை. ஆறு முதல் எட்டு வரை முழுநேரமாக ஓர் ஓவியர், ஓர் இசைக்காரர், பட்டறையும் தோட்டமும் தெரிந்த ஒருவர், கடன் கொடுக்க முடியாத பீரியடுகள். கற்றல் ஏணி ஆசிரியரின் பொழுதைப் பிரித்துக் கொடுத்த மாதிரி, நடுநிலைப் பள்ளியின் கால அட்டவணையைப் பிரித்துக் கொடுப்பது.

அதுவரை கணக்கு இப்படித்தான் இருக்கும். ஆறு, ஏழு, எட்டில் இருநூற்று எழுபது பிள்ளைகள் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி. ஓவிய ஆசிரியருக்கு வாரத்தில் மூன்று அரை நாள், அரை நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது மணி நேரம். ஐந்நூற்று நாற்பது நிமிடம். தலைக்கு இரண்டு நிமிடம். அதுவும் வாரத்துக்கு.